அண்ணன் ஊற்றிக் கொடுத்த வெள்ளை ஒயின்

1

அடிலெய்டு வெயில் சேலத்து வெயிலைப் போல இல்லை. சேலத்தில் வேர்த்து ஊற்றும். யாரையாவது திட்டிக்கொண்டாவது நடந்துவிடலாம். இங்கே வடக்கே இருக்கும் பாலைவனத்திலிருந்து காற்று கிளம்பி வரும் நாளில், வேர்வைகூட வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது. பறவைகள் மரத்தை விட்டு இறங்கி, குழாயடியில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. ஏற்காட்டு மலையில் பிறந்து, சித்திரை மாதத்திலும் போர்வை தேடிய உடம்பு என்னுடையது. வந்து எத்தனையோ வருடமாகியும் இந்தக் காற்றுக்கு அது பழகவில்லை.

இன்றும் அப்படி ஒரு நாள். நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில், நர்சாக. காலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் நிழல் விழும் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்துக் கால்களை உள்ளே விட்டேன். ஃப்ரிட்ஜில் குளிர்ந்திருந்த வெள்ளை ஒயினை எடுத்து அரை கிளாஸ் ஊற்றினேன். கிளாஸின் வெளிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது. முதல் வாய் உள்ளே இறங்கியதும் நாக்கின் இரண்டு ஓரங்களும் சுருங்கின. பிறகுதான் இந்த நோட்டை எடுத்தேன்.

ஒரு பொம்பளை ஒயின் குடிப்பதை எழுதுகிறாளே என்று இந்த இடத்தில் சிலர் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். திருப்பிக்கொள்ளுங்கள். ஊரில் யாராவது ஒருவர் இதை என் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டுவார் என்பது எனக்குத் தெரியும். காட்டட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாளையோடு அம்மா போய் ஒரு வருடம்.

2

நானாகத் தேடிப் போய்க் கற்றுக்கொண்ட பழக்கம் இல்லை இது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த முதல் கோடையில், பக்கத்து வீட்டு ஹெலன் வேலிக்கு மேலாக ஒரு கிளாஸை நீட்டினாள். அவளுக்கு என் அம்மா வயது இருக்கும். "இந்த வெயிலுக்கு இதுதான் மருந்து" என்றாள். மறுத்தால் மரியாதை இல்லை என்று வாங்கினேன். மருந்து என்று சொன்னதால் டானிக் மாதிரி தித்திக்கும் என்று எதிர்பார்த்தேன். இனிப்பே இல்லை. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அந்த வாசம் முதலில் வந்தது. பின்னாலேயே நெல்லிக்காயைக் கடித்த மாதிரி ஒரு புளிப்பு. விழுங்கிய பிறகு வாய் சுத்தமாக, யாரோ பெருக்கித் தண்ணீர் தெளித்த வாசல் மாதிரி இருந்தது.

அந்த வார இறுதியில் கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் "டிரை வேணுமா?" என்று கேட்டான். டிரை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், காய்ந்தது. "இல்லை, தண்ணியா இருக்கிறதுதான் வேணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. இனிப்பு இல்லாத ஒயினைத்தான் டிரை என்பார்களாம். வீட்டுக்கு வந்து என் கணவர் சிவாவிடம் சொன்னேன். "நீ கேட்டது சரிதான், நம்மூர்ல அதுக்குப் பேரே தண்ணிதானே" என்றார். அவர் அரசு பஸ் ஓட்டுகிறார், ஒரு சொட்டுத் தொடமாட்டார். இன்றுவரை நான் கிளாஸை எடுத்தால் அவர் மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு எதிரில் உட்காருவார். வெயில் காலத்தில், வாரத்தில் ஒன்றிரண்டு நாள், ஒரு கிளாஸ். என் குடி அவ்வளவுதான்.

போன வருடம் ஜனவரியில், இன்றைக்கு மாதிரியே ஒரு வெயில் நாளில், என் மகள் நிலா என்னை ஒரு போட்டோ எடுத்தாள். நைட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, தொட்டிக்குள் கால்களை விட்டு, கையில் கிளாஸோடு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நன்றாக வந்திருந்தது. 'அம்மாவின் ஒயின் நேரம்' என்று ஆங்கிலத்தில் எழுதி இணையத்தில் போட்டுவிட்டாள். ஊரில் இருக்கும் சொந்தங்கள் எல்லோர் பெயரையும் அதில் கோத்தும் விட்டாள். அவள் இங்கேயே வளர்ந்தவள். அவளுடைய சிநேகிதிகளின் அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான் உட்காருகிறார்கள். அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

நம்மூரில் ஒயின் என்றால் ஒயின்ஷாப். ஒயின்ஷாப் என்றால் பச்சைக் கம்பிக் கதவும், தரையெல்லாம் பிளாஸ்டிக் டம்ளரும், வேட்டி அவிழ்ந்து கிடக்கும் ஆளும். அங்கே ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். தை மாதத்துப் பனியில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களின் போன்களில், நைட்டியைத் தூக்கிச் செருகிய நான், அவர்களுடைய அமுதா, ஒயினோடு போய் இறங்கினேன். என் அண்ணன் செல்வராசு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டார்: "ஒயின்ஷாப் வாசல்ல உக்காந்திருக்கறா எந்தங்கச்சி."

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கிளியூர் அருவிக்குப் போகிற வழியில் அவருக்கு நாலைந்து அறைகளோடு ஒரு காட்டேஜ் இருக்கிறது. சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், ஐஸும் சோடாவும் வறுத்த கடலையும் அவரே கொண்டுபோய் வைப்பார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பிராந்தி இல்லாமல் அவருக்குக் கை நிற்காது. எங்கள் ஊர் மாரமங்கலத்தில் ஆடு மாடுகளுக்குக்கூட அது தெரியும்.

3

அந்தப் போட்டோ போன பத்துப் பதினைந்து நாட்களில் அம்மா இறந்துபோனாள். மாரடைப்பு. மாரமங்கலத்து வீட்டில், காப்பிப்பழம் பறிக்கப் போன ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாளாம்.

இங்கே வேலையிடத்தில் லீவு கேட்டேன். என் மேலாளர் நல்லவள், கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கணினியில் படிவத்தைத் திறந்து, "அடக்கம் என்றைக்கு?" என்று கேட்டாள். "நான் போய்ச் சேர்ந்ததும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இந்த ஊரில் ஆள் போய் இரண்டு வாரம் கழித்து, அழைப்பு அனுப்பி, நாள் குறித்து அடக்கம் செய்வார்கள். தேதி போடாமல் அந்தப் படிவம் நகரவில்லை. கடைசியில் நாளை மறுநாள் தேதியை நானே சொன்னேன். அம்மாவின் உடம்பை எடுக்க நானே நாள் குறித்த மாதிரி இருந்தது. நிலா புது பாஸ்போர்ட் வாங்கியிருந்தாள். இந்தியா போவதற்கான அட்டையை அதற்கேற்பப் புதுப்பிக்கவில்லை. அவளையும் அவளுக்குத் துணையாகச் சிவாவையும் விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன்.

எனக்காக அம்மாவை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். சேலத்திலிருந்து வாடகைக் கார் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பனி இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் பறை நின்றது. அழுதேன். பெண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டியிலிருந்து அம்மாவை எடுத்து, குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு வைத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதுவரை அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. அண்ணன் போட்டார், அண்ணி போட்டாள். நான் முறத்திலிருந்து அரிசியை அள்ளிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் குனிந்தேன்.

"நில்லு அமுதா" என்றார் அண்ணன்.

என் மணிக்கட்டை அவர் பிடித்திருந்தார்.

"குடிக்கற கையில எங்கம்மா வாயில அரிசி போடாத. ஊரே போட்டாவப் பாத்துருச்சு. அவ நிம்மதியாப் போவட்டும்."

எங்கம்மா என்றார். நம்ம அம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் பேசியபோது கிராம்பு வாசம் அடித்தது. கிராம்புக்கு அடியில் பிராந்தி வாசமும் அடித்தது. அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, எதிரில்தான் நின்றார். வீட்டுக்கு மூத்தவர் அவர்தான். அவர் தரையைப் பார்த்தார். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.   இரண்டு நாளாகத் தூங்காத கண்ணோடு, அரிசியை மூடிய கையோடு, நான் பின்னால் நகர்ந்தேன். வரிசையில் அடுத்த ஆள் வந்து போட்டார்.

அம்மாவை எடுத்துக்கொண்டு போன பிறகும் கையைத் திறக்கவில்லை. திறந்தபோது அரிசி வேர்வையில் ஊறி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடும்போதே மனசுக்குள் சொன்னேன்: அண்ணா, இதுக்கு உங்களை விடமாட்டேன்.

4

திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு நாளும் அதே வேலைதான். யார் யாருடைய அம்மாக்களுக்கோ கஞ்சி ஊட்டினேன். வாயைத் துடைத்துவிட்டேன். ஒருத்தி இறந்துபோனபோது, மகன் வர நேரமாகும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் யாருமே என் கை என்ன கை என்று கேட்டதில்லை.

பஸ்ஸில், சமையல்கட்டில், மருந்து எடுத்து வைக்கும்போது என்று எந்நேரமும் அண்ணனுக்கு என்ன செய்யலாம் என்றுதான் யோசனை ஓடியது. அவர் காட்டேஜைப் பற்றி இணையத்தில் கேவலமாக எழுதலாம் என்று ஒரு நாள் தோன்றியது. பாதி எழுதிக்கூட வைத்தேன். அழித்துவிட்டேன். யாரோ முகம் தெரியாதவர்கள் படித்து வேறு காட்டேஜுக்குப் போய்விடுவார்கள். அதில் எனக்கு என்ன சுகம்? அன்றைக்கு நின்ற அதே ஆட்கள் பார்க்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நிலாவிடம் நடந்ததைச் சொன்னேன். போட்டோவை உடனே எடுத்துவிட்டு அழுதாள். அவளுடைய அரைகுறைத் தமிழில், "நான் பண்ணினது தப்பா ஆச்சு, மா. மாமா ஏன் உங்களை நிப்பாட்டணும்? பாட்டி உங்க அம்மாவும்தானே?" என்று கேட்டாள். பிறகு ஊர்க்காரர்கள் யாரோடும் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ஊரிலிருந்து யார் கூப்பிட்டுப் போனை நீட்டினாலும் அறைக்குள் போய்விடுவாள். அவளை இதுவரை ஊரோடு கட்டி வைத்திருந்ததே அம்மாவின் குரல்தான். அந்த நூலும் போனது. இதையும் அண்ணன் கணக்கில்தான் எழுதினேன்.

ஏப்ரலில் அண்ணனே கூப்பிட்டார். அதுவரை ஒரு வார்த்தை இல்லை.

"கண்ணு, நல்லாருக்கறயா?"

கண்ணு என்றதுமே ஏதோ காரியம் என்று தெரிந்துவிட்டது. அவருடைய மகள் கௌசல்யாவுக்கு அடிலெய்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூலையில் சேர வேண்டும். தனியாக அறை எடுத்துத் தங்க வைக்க அண்ணிக்குப் பயம்.

"உன்ற ஊட்டுல ஒரு ஓரமா இருந்துக்கும். நீ இருக்கறப்ப நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

எனக்கு உடம்பெல்லாம் சூடு பரவியது. சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். நாக்கு நுனியில் 'முடியாது' நின்றது. அதைச் சொல்லிவிட்டால் ஒரு நிமிடத்தோடு முடிந்துபோய்விடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

"ஒரு கண்டிசன்ங்ணா."

"சொல்லு சாமி."

"மே மாசம் வாரேன். வாரப்ப ஒரு ஒயின் பாட்டில் கொண்டாருவேன். அன்னிக்கு அம்மா பக்கத்துல நின்னவங்க அத்தன பேரும் இருக்கோணும். அவங்க முன்னால உங்க கையால எனக்கு ஊத்தித் தரோணும்."

 போனில் அவருக்குப் பின்னால் யாரோ மிளகு உருவும் சரசரப்பு கேட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் அண்ணன்.

அந்தக் கேள்வியிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

5

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் சுங்கக்காரர் பையைத் திறக்கச் சொன்னார். நைட்டிகளுக்கு நடுவில் சுற்றி வைத்திருந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தார்.

"ஒண்ணுதானுங்களா? அண்ணன் தம்பிக்குங்களா?"

"எனக்குங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், மறுபடியும் நைட்டியிலேயே சுற்றி உள்ளே வைத்தார். "சரி, போங்க" என்றவர் அதற்கப்புறம் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏற்காட்டில் சீசன் கூட்டம். ஏரிக்கரையில் காரை நகர்த்த முடியவில்லை. காட்டேஜில் அண்ணன் அன்றைக்கு வெளியாட்கள் யாரையும் எடுக்கவில்லை. மகள் வெளிநாடு போவதற்காகச் சொந்தக்காரர்களுக்கு விருந்து. சவுக்கு மரங்களுக்குக் கீழே பந்தல், இலை போட்டு ஆட்டுக்கறிச் சாப்பாடு. பெரியப்பா வந்திருந்தார். வாழவந்தியிலிருந்து சித்தி வீட்டார் வந்திருந்தார்கள். அன்றைக்கு நின்ற அத்தனை பேரும் இருந்தார்கள். அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

பந்தி முடிந்ததும் நான் எழுந்து நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.  அண்ணன் குனிந்த தலையோடு வருவார், கை நடுங்கும், எல்லோரும் வாயடைத்துப் பார்ப்பார்கள். ஒரு மாதமாக நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்த காட்சி அது.

அவர் வந்தார். முழங்கை மேல் வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டிருந்தார். தட்டில் பாட்டில், கிளாஸ், ஒரு கிண்ணம் ஐஸ்.

"குட் ஆஃப்டர்நூன் மேடம்!" என்று குனிந்து கும்பிட்டார். "ஆஸ்திரேலியா மேடம் வந்திருக்கறாங்க. எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா!"

பந்தலே சிரித்தது. பெரியப்பாகூடச் சிரித்தார். அண்ணன் மூடியைத் திருகித் திறந்து, ஒரு அடி உயரத்திலிருந்து டீ ஆற்றுவது மாதிரி ஊற்றினார். மறுபடியும் சிரிப்பு. ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி நான் காலையில் கொடுத்திருந்தும் வைக்கவில்லை. பாட்டில் வெயிலில் கிடந்த சூட்டோடு இருந்தது. அதற்காக ஒரு கை ஐஸை அள்ளி கிளாஸில் போட்டார். மிச்சத்தில் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதுக்கா இத்தன அலப்பறை? இதுக்கு நம்ம எலுமிச்சம்பழச் சர்பத்தே தேவலையேம்மா!"

தொழிலே அதுதானே அவருக்கு. வருகிறவர்கள் எத்தனை பேர் முன்னால் இப்படிக் குனிந்திருப்பார், எத்தனை பேருக்கு ஊற்றியிருப்பார். ஊற்றிக் கொடுப்பது எனக்குத்தான் பெரிய விஷயம். அவருக்கு அது கை பழகிய வேலை. நான் எதை வைத்து அவரை மடக்க நினைத்தேனோ அதையே கோமாளி ஆட்டமாக ஆக்கிவிட்டார். அந்த ஆட்டத்தில் கோமாளி நான்தான். ஐஸ் கரைந்து தண்ணீராகிப்போன ஒயினை எல்லோர் முன்னாலும் குடித்தேன். வாயில் ஒரு ருசியும் இல்லை.

கை கழுவும் இடத்துக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன். சரி, இனி என்ன, இந்தப் பெண்ணுக்கு என் வீட்டில் இடமில்லை என்று போய்ச் சொல்லப்போகிறேன் என்று முடிவு செய்தேன். திரும்பினால் கௌசல்யா நின்றிருந்தாள். இருபத்தி ரெண்டு வயசுப் பெண். என் அம்மாவின் அதே அகலமான நெற்றி.

"அத்தே, எங்கப்பா அப்புடிப் பண்ணுனது எனக்குப் புடிக்கலைங்க."

"உங்கப்பா எப்பவும் அப்புடித்தான், விடு."

"இப்பச் சொல்லல. அன்னிக்குப் பண்ணுனதச் சொல்றேன்." குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்குக் காலைல இருந்தே அவரு குடிச்சிருந்தாருங்க. எனக்குத் தெரியும். சொல்றதுக்குத் தெம்பில்ல. அதுனால நான் வரிசையில ரெண்டு வாட்டி வந்தேனுங்கத்தே. மொத வாட்டி எனக்கு. ரெண்டாவது வாட்டி அப்பத்தா காதுல, 'இது அமுதா அத்தை போடறது'ன்னு சொல்லிப் போட்டேன்."

அவளைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகை பந்தல் வரைக்கும் கேட்டிருக்கும். ஜூலையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணனை நான் மன்னித்துவிட்டேன் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அண்ணனும்தான்.

6

கௌசி வந்த பிறகு வீட்டில் தமிழ் கொஞ்சம் திரும்பியது. அவளும் நிலாவும் ஒரே அறை. நிலா அவளுக்கு இந்த ஊர் ஆங்கிலத்தைச் சொல்லிக் கொடுத்தாள். கௌசி அவளுக்கு 'ரொம்ப'வை எங்கள் ஊர் மாதிரி 'நொம்ப' என்று சொல்லக் கற்றுக் கொடுத்தாள். "மா, இன்னைக்கு நொம்ப ஹாட்" என்று நிலா சொன்ன நாளில் சிவா மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை கடுமையான வெயில். சாயங்காலம் ஏழு மணியாகியும் சூரியன் இறங்கவில்லை. நாங்கள் நாலு பேரும் பின்பக்கம் இருந்தோம். பெண்கள் இரண்டு பேரும் தொட்டிக்குள் காலை விட்டிருந்தார்கள். "அத்தே, நானும் குடிச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கௌசி கேட்டாள். "வேண்டாம் கண்ணு, உங்கப்பன் என்னையத்தான் சொல்லுவாரு" என்றேன். "நான் சின்னப் புள்ளைங்களா?" என்று தானே எழுந்து போய் ஒரு கிளாஸ் எடுத்து வந்து கொஞ்சமாக ஊற்றிக்கொண்டாள். முதல் வாயில் முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது வாயில், "அட, ஆரஞ்சு வாசமுங்க" என்றாள்.

அப்போதுதான் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். ஏற்காட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், பொங்கல் விடுமுறை. அவருக்குப் பின்னால் புல்தரையில் மேசைகள் நிறைந்திருந்தன, விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கௌசி பேச்சு மும்முரத்தில் கிளாஸைக் கீழே வைக்க மறந்துவிட்டாள்.

"அதென்ன கண்ணு கையில?"

"ஒயினுங்கப்பா."

என் காது இரண்டும் விடைத்தது. இதோ வெடிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஆசையோடு காத்திருந்தேன். என் போட்டோவைப் பார்த்து ஊரைக் கூட்டினவருக்குச் சொந்த மகளின் கையில் கிளாஸ். தெய்வமே கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருந்தது.

அண்ணன் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

"சில்லுனு இருக்குதா?" என்று கேட்டார். "பாத்து சாமி. வெறும் வவுத்துல குடிக்காத. எதாச்சும் கொறிச்சுக்க."

அவ்வளவுதான். அடுத்து பரீட்சை எப்போது என்று கேட்கப் போய்விட்டார்.

 அவர் கத்தியிருந்தால்கூட ஆறியிருப்பேன். இவ்வளவு சுலபமா இது? இந்த ஒரு வாக்கியம் அவருக்குள் அப்போதும் இருந்ததுதானே? அதை என்னிடம் சொல்லாமல், என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாரே. எழுந்து போய் கௌசியின் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"ஏனுங்ணா, எங்கையில இருந்தப்ப அம்மாவையே தொடக்கூடாத கையி. உங்க புள்ள கையில இருந்தாக் கொறிச்சுக்கோணுமா?"

"அமுதாவா? நல்லாருக்கறயா? கேக்கல கண்ணு... டவர் சரியில்ல..."

துண்டித்துவிட்டார்.

"மறுபடியும் போடு கௌசி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், சிவாவைப் பார்த்தாள், பிறகு போட்டாள். மணி அடித்து நின்றது. "போடு." மறுபடியும் அடித்து நின்றது. "அண்ணி நம்பருக்குப் போடு." அண்ணி எடுத்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் புல்தரையில் நடந்து போய் அண்ணனிடம் போனை நீட்டினாள். அவர் ஒரு மேசைக்குப் பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார்.

"அன்னிக்கு என்னைய எதுக்கு நிறுத்துனீங்க? கௌசியும் நிக்கறா. அவளுக்கும் தெரியோணும். சொல்லுங்க."

அவர் பக்கவாட்டில் திரும்பினார். மேசையில் இருந்தவர்கள் அப்பளம் நொறுக்கும் சத்தம் கேட்டது. துண்டித்துவிடுவார் என்று நினைத்தேன். அண்ணி போனை விடாமல் பிடித்திருந்தாள்.

"தப்புதான்" என்றார், வாய்க்குள்.

"கேக்கலைங்ணா. டவர் சரியில்ல. சத்தமாச் சொல்லுங்க."

"தப்புதான் கண்ணு."

"இன்னும் சத்தமா."

அவர் முகம் கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "தப்புதாம்மா!" என்று கத்தினார். "நான் குடிச்சுப்போட்டு உன்னையச் சொன்னேன்! நான் பண்ணுனது தப்பு!"

மேசைகளில் பேச்சு நின்றது. ஒரு விருந்தாளி கையில் சோற்றோடு திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. சாம்பார் வாளி ஆடிக்கொண்டிருந்தது. பரவாயில்லைங்ணா, விடுங்க என்ற சொல் என் வாய்வரைக்கும் வந்தது. சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய சொல். விழுங்கினேன்.

"இப்பக் கேக்குதுங்ணா" என்று சொல்லி நிறுத்தினேன்.

 நிலா என் கிளாஸில் ஒயினை ஊற்றிக் கையில் கொடுத்தாள். சில்லென்று இருந்தது. இந்தக் கோடையில் நான் குடித்ததிலேயே அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. சொட்டு விடாமல் குடித்தேன்.

"இப்பத் திருப்தியா?" என்று சிவா மெதுவாகக் கேட்டார்.

"அங்க இருந்தவங்க எல்லாம் பெங்களூர்க்காரங்க" என்றேன். "பெரியப்பா இல்ல, சித்தி ஊட்டுக்காரங்க இல்ல. மே மாசத்துக்கு டிக்கெட் பாருங்க. நேர்ல சொல்லட்டும்."